இங்கிலாந்தில் திருமண எஸ்டேட் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகை, சுற்றிலும் முப்பது நாற்பது ஏக்கர் நிலம், குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய விடுமுறைக் குடில்கள். வார இறுதியில் கல்யாணம், மற்ற நாட்களில் விடுமுறைக்கு வரும் குடும்பங்கள். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் தொழிலோடு சேர்த்து ஒரு எஸ்டேட்டை வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டங்கள் இங்கிலாந்துக்குரியவை. வேல்ஸ், ஸ்காட்லாந்து மாறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் சொலிசிட்டரும் கணக்காளரும் கட்டாயம் வேண்டும். அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பத்திரம் முடிந்ததும் தொழிலும் என் கைக்கு வந்துவிடுமா?

வராது. நிலமும் கட்டடமும் வரும். திட்ட அனுமதி, அதாவது நிலத்தையும் கட்டடத்தையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கவுன்சிலின் அனுமதி, பொதுவாக நிலத்தோடு சேர்ந்தே வரும். மற்றவை ஒவ்வொன்றும் தனி வழியில்தான் வரும். மது லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், திருமண ஒப்புதலுக்குக் கவுன்சிலோடு பேச வேண்டும். வேலையாட்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அட்வான்ஸ் கட்டியிருக்கும் ஜோடிகளுக்கு ஆளுக்கொரு ஒப்பந்தம் இருக்கிறது. விற்பவர் சொல்லும் விலையோ இவை எல்லாம் சேர்ந்த விலை.

அதனால் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, இது எனக்கு எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தின் மூலம் வருகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கணக்குகளில் முதலில் எதைப் பார்ப்பது?

லாப நட்டக் கணக்குக்கு முன்னால் புக்கிங் டைரியைக் கேளுங்கள். கல்யாணத் தேதி, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி, விருந்தினர் எண்ணிக்கை, மொத்தத் தொகை, இதுவரை கட்டியது, மீதி கட்ட வேண்டிய நாள் என்று வரிவரியாக வேண்டும். கிடைத்ததும் அதைக் கல்யாணத் தேதிப்படி பார்க்காமல் கையெழுத்தான தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். அடுத்த கோடைக்கு முப்பது கல்யாணம் இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லலாம். அதில் இருபத்தைந்து ஒன்றரை வருடத்துக்கு முன் கையெழுத்தானவை, கடந்த ஆறு மாதத்தில் வந்தது ஐந்துதான் என்றால், அந்த இடத்தின் மவுசு குறைந்துகொண்டு வருகிறது. ஆண்டுக் கணக்கு இதைக் காட்டாது.

மே முதல் செப்டம்பர் வரை இருபத்திரண்டு சனிக்கிழமைகள் கிடைக்கும். இந்தத் தொழிலின் முதுகெலும்பே அவைதான். அவற்றில் எத்தனை முழு விலைக்குப் போனது, எத்தனை கடைசி நேரத் தள்ளுபடியில் போனது என்று பிரித்துக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கைத் தனியாக வைத்துப் பாருங்கள். கொரோனாவால் தள்ளிப்போன கல்யாணங்கள் பல அந்த வருடத்தில் நடந்தன. அதைச் சேர்த்துச் சராசரி போட்டால் படம் அழகாகத் தெரியும்.

அப்புறம், உரிமையாளரின் சம்பளம். பல எஸ்டேட்டுகளில் கணவனும் மனைவியும் வாரம் ஏழு நாளும் வேலை பார்த்துவிட்டு, சம்பளமாகக் கொஞ்சம்தான் எடுத்திருப்பார்கள். அந்த வேலைக்கு நீங்கள் ஒரு மேலாளரையும் ஒரு நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரையும் வைத்தால் என்ன செலவாகும் என்று கழித்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டானது. முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடும் 15 சதவீதமாக உயர்ந்தது, அதுவும் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளத்திலிருந்தே. அதற்கு முந்தைய வருடங்களின் லாபத்தை அப்படியே நம்பக் கூடாது.

ஜோடிகள் கொடுத்த அட்வான்ஸ் யாருடைய பணம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

உதாரணத்துக்கு, நாற்பது ஜோடிகள் தலைக்கு 4,000 பவுண்ட் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,60,000 பவுண்ட். விற்பவர் அதை வாங்கி, கூரை பழுதுபார்க்கவோ கடன் தவணைக்கோ செலவழித்திருப்பார். நீங்கள் வாங்கிய பிறகு அந்த நாற்பது கல்யாணங்களை நடத்தித் தர வேண்டியது நீங்கள். சாப்பாடு, ஆட்கள், மின்சாரம் எல்லாம் உங்கள் செலவு. ஆகவே அந்தத் தொகை ஒரு கடன். அதை விலையிலிருந்து கழிக்க வேண்டும், அல்லது பத்திர நாளில் விற்பவர் அதை உங்கள் கணக்குக்கு மாற்ற வேண்டும். நல்ல வழக்கறிஞர் இதை ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாகவே எழுதுவார்.

ஒப்பந்தங்கள் கைமாறும் விதமும் முக்கியம். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் ஒப்பந்தங்கள் அதே நிறுவனத்தில் இருக்கும், அதோடு பழைய வரி பாக்கியும் வழக்கும் சேர்ந்தே வரும். சொத்தை மட்டும் வாங்கினால் ஒவ்வொரு ஜோடியின் சம்மதத்தோடும் ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஒப்பந்தப் படிவம் ஒன்றை முழுதாகப் படியுங்கள். எப்போது ரத்து செய்தாலும் ஒரு பைசா திரும்பக் கிடையாது என்று எழுதியிருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி அந்த விதி செல்லாமல் போகலாம்.

இன்னொன்று மனதிலிருந்து சொல்கிறேன். அந்த ஜோடிகள் அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள், வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். இடம் கைமாறுகிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால் பதறிப்போவார்கள். பத்திரம் முடிந்த அன்றே நீங்களும் விற்பவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஒவ்வொருவருக்கும் போகட்டும். தேதி, விலை, பேசிவைத்த ஏற்பாடு எதுவும் மாறாது என்று அதில் இருக்கட்டும். அடுத்த வாரமே முடிந்தவரை எல்லோரிடமும் போனில் பேசுங்கள்.

சட்டப்படி கல்யாணம் நடத்த என்ன ஒப்புதல் வேண்டும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 திருமணச் சட்டத்துக்குப் பிறகுதான் மாளிகைகளிலும் ஹோட்டல்களிலும் பதிவுத் திருமணம் நடத்த வழி பிறந்தது. உள்ளூர்க் கவுன்சில் இடத்தைப் பார்த்து ஒப்புதல் தரும். அது குறைந்தது மூன்று ஆண்டு செல்லும். எந்தெந்த அறைகளுக்கு ஒப்புதல், காலாவதி எப்போது, பொறுப்பாளராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு எப்படி மாறும் என்பதைக் கவுன்சிலிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். 2021 ஜூலை 1 முதல் ஒப்புதல் பெற்ற இடத்தின் தோட்டத்திலும் சடங்கை நடத்தலாம், மழைக்கு ஒதுங்கும் அறைக்குள்தான் நடத்த வேண்டும் என்பதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தில் மதத் திருமணமும் நம்பிக்கை சார்ந்த திருமணமும் இடத்தைப் பொறுத்தவை அல்ல, நடத்தி வைப்பவரைப் பொறுத்தவை. இங்கிலாந்தும் வேல்ஸும் அந்த வழிக்கு வர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2022-இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வந்தால் பக்கத்துப் பண்ணையின் புல்வெளியும் உங்களுக்குப் போட்டிதான். ஆகவே ஒப்புதல் என்ற காகிதத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். படுக்கை அறைகள், சமையலறை, கார் நிறுத்துமிடம், நல்ல கூரை, இவற்றுக்குக் கொடுங்கள்.

நம் தமிழ்க் கல்யாணங்களை அங்கே நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம், ஆனால் வேறு கணக்கு. ஐயர் வைத்து நடக்கும் சடங்கு மட்டும் அங்கே சட்டப்படி திருமணமாகாது. ஜோடி தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பதிவுத் திருமணத்துக்குள் மதச் சடங்கைக் கலக்கவும் முடியாது. ஹோமம் வளர்ப்பதைப் பழைய மரக்கூரைக்குக் கீழே காப்பீட்டு நிறுவனம் லேசில் ஒத்துக்கொள்ளாது. வெளியே மண்டபம் போட்டு நடத்துவதுதான் நடைமுறை. 120 பேருக்கு அனுமதி உள்ள இடத்தில் 350 பேர் வரும் கல்யாணத்தை எண்ணி வருமானக் கணக்கு போடாதீர்கள். வெளியிலிருந்து சமையல்காரரை வரவழைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கும் கேட்டரிங் நிறுவனத்துக்கே தனியுரிமை என்று விற்பவர் நீண்டகால ஒப்பந்தம் போட்டிருக்கலாம்.

மதுவும் இசையும்?

2003 லைசென்ஸிங் சட்டப்படி வளாக லைசென்ஸ் இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்ற, பத்திரம் முடியும் நாளிலேயே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். உடனே நடைமுறைக்கு வரும்படி கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. தனிநபர் லைசென்ஸ் உள்ள ஒருவர் வளாக மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அது விற்பவரே என்றால், அவர் போகும்முன் உங்கள் பக்கத்தில் ஒருவர் தேர்வு எழுதித் தயாராகிவிட வேண்டும்.

லைசென்ஸே இல்லாமல் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பை வைத்து ஓட்டும் இடங்களும் உண்டு. அதில் ஒரு நேரத்தில் 499 பேர், ஆண்டுக்கு 15 நிகழ்ச்சி, மொத்தம் 21 நாள் என்று வரம்பு. அதன் மேல் ஒரு முழுநேரத் தொழிலைக் கட்ட முடியாது.

இசை விஷயத்தில் சுவரைப் பாருங்கள். நடனம் நடக்கும் அறையில் சின்னப் பெட்டி ஒன்று, பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளோடு மாட்டியிருக்கும். சத்தம் வரம்பைத் தாண்டிச் சில நொடி நீடித்தால் பாட்டுக் கச்சேரியின் பிளக்குகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். அது எத்தனை டெசிபெலில் வைக்கப்பட்டிருக்கிறது, யார் சொல்லி வைத்தது என்று கேளுங்கள். கவுன்சிலின் நிபந்தனைப்படி என்றால் பக்கத்து வீட்டாரோடு ஏற்கனவே தகராறு நடந்திருக்கிறது. 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொல்லை நிறுத்த அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முடிந்தால் கல்யாணம் நடக்கும் ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அருகிலுள்ள வீட்டின் வாசல் வரை நடந்துபோய், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

திட்ட அனுமதியில் என்ன சிக்கல் வரும்?

வீடாக இருந்த மாளிகையைத் திருமண இடமாக மாற்ற அனுமதி வேண்டும். பலர் வாங்கியிருப்பார்கள், ஆனால் நிபந்தனைகளோடு: ஆண்டுக்கு இத்தனை நிகழ்ச்சி, இரவு இத்தனை மணிக்குள், விருந்தினர் இத்தனை பேர். டைரியில் இருக்கும் கல்யாணங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். தாண்டினால் நீங்கள் வாங்கும் லாபத்தில் ஒரு பகுதி அனுமதி இல்லாத லாபம்.

புல்வெளியில் பெரிய கூடாரம் போட்டு, 28 நாள் விதிப்படிதான் நடத்துகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு பயனுக்கு எடுக்க அந்த விதி இடம் தருகிறது. ஆனால் வீட்டைச் சேர்ந்த வளாகத்துக்குள் இருக்கும் நிலத்துக்கு அது பொருந்தாது. மாளிகையை ஒட்டிய புல்வெளி பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள்தான் வரும்.

இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை என்ற பதிலை ஏற்காதீர்கள். 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு நடந்த மீறல்களுக்கு, எந்த வகையானாலும், இங்கிலாந்தில் பத்து ஆண்டு கழிந்தால்தான் கவுன்சிலின் நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு. சட்டப்படியான பயன்பாட்டுச் சான்றிதழ் கவுன்சிலிடமிருந்து வந்திருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அதை விற்பவர் வாங்கித் தரட்டும்.

பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், பட்ஜெட் வேண்டும். பாதுகாப்புக்காக அரசு பட்டியலிட்ட கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், பட்டியலின் கடைசித் தரமான இரண்டாம் தரத்தைச் சேர்ந்தவை. எந்தத் தரமானாலும் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் திருட்டுத்தனமாக ஒரு சுவரை இடித்து நடனக் கூடம் அமைத்திருந்தால், அதைப் பழையபடி கட்டச் சொல்லும் உத்தரவு உங்களுக்கே வரும். அதற்குக் காலவரம்பும் கிடையாது. அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு முன்பிருந்த வாட் வரிச் சலுகையும் 2012 அக்டோபரோடு போய்விட்டது.

வௌவால்களையும் மறக்காதீர்கள். பழைய தானியக் களஞ்சியத்தின் உத்தரத்தில் அவை தங்கியிருந்தால், இடத்தைக் கலைப்பது குற்றம். மாலையில் அவை வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும், அதாவது உங்கள் கல்யாண சீசனில். அக்டோபரில் வாங்கிவிட்டு அடுத்த வசந்தத்தில் களஞ்சியத்தை மண்டபமாக்கலாம் என்று போடும் திட்டம் இங்கேதான் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

தண்ணீரும் கழிவும்?

சொந்தக் கிணறோ ஊற்றோ என்றால், தொழிலுக்குப் பயன்படும் தனியார் நீர் வழங்கலாக அது கவுன்சிலின் பரிசோதனைக்கு உட்படும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை அபாய மதிப்பீடும் உண்டு. கடைசி அறிக்கையைக் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் இன்னும் கவனம். ஓடையிலோ ஆற்றிலோ நேரடியாகக் கழிவு விடும் தொட்டிகளை 2020 ஜனவரி 1-க்குள் மாற்றியிருக்க வேண்டும். நிலத்துக்குள் விடும் அளவு நாளுக்கு 2 கன மீட்டரையும், சுத்திகரித்து நீரோடையில் விடுவது 5 கன மீட்டரையும் தாண்டினால் தனி அனுமதி தேவை. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய தொட்டி 150 விருந்தினரை ஒரே மாலையில் தாங்காது. அதனால் தொட்டியைச் சனிக்கிழமை கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாரநாளில் பார்த்துப் பயனில்லை.

முத்திரைத் தீர்வையும் மற்ற வரிகளும் எவ்வளவு?

உண்மையாகவே தொழில் நடக்கும் எஸ்டேட்டை வீடும் தொழிலும் சேர்ந்த கலப்புச் சொத்தாக எடுத்துக்கொண்டால் தீர்வை குறைவு. முதல் 1,50,000 பவுண்டுக்கு எதுவுமில்லை, 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். 30 லட்சம் பவுண்ட் சொத்துக்கு 1,39,500 பவுண்ட் வரும். அதே விலைக்கு வெறும் வீடாக இருந்தால் 2025 ஏப்ரலுக்குப் பிறகு 2,73,750. ஏற்கனவே வீடு வைத்திருப்பவருக்கு அதன்மேல் 5 சதவீதம் கூடுதல். வித்தியாசம் பெரியது என்பதால் வரித்துறையும் கவனமாகப் பார்க்கும். ஒப்பந்தம், புக்கிங், கணக்கு எல்லாம் ஆதாரமாக இருக்கட்டும்.

வாட் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ஓடும் தொழிலாகக் கைமாறினால் விலைக்கு வாட் கிடையாது. ஆனால் கட்டடத்துக்கு வாட் வசூலிக்க விற்பவர் முன்பே தேர்வு செய்திருந்தால், நீங்களும் அதே தேர்வைப் பத்திரம் முடிவதற்குள் வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்தப் பகுதியின் விலைக்கு 20 சதவீதம், அந்த வாட்டையும் சேர்த்து முத்திரைத் தீர்வை.

விடுமுறைக் குடில்களின் வருமானத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் பழைய வரிக் கணக்கோடு அல்ல. விடுமுறை வாடகைக்கு இருந்த தனி வரிச் சலுகைகள் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டன. இங்கிலாந்தில் ஒரு குடில் வீடுகளுக்கான கவுன்சில் வரிக்குப் பதிலாக வணிகக் கட்டடங்களுக்கான வரிக்குள் வர ஆண்டுக்கு 140 இரவு வாடகைக்குக் கிடைக்க வேண்டும், 70 இரவு உண்மையில் வாடகைக்குப் போயிருக்க வேண்டும். வேல்ஸில் அது 252, 182 என்று மிகக் கடுமை. கல்யாண விருந்தினர் தங்கும் இரவுகளையும் வெளியார் முன்பதிவுகளையும் பிரித்துக் கேளுங்கள். கல்யாணம் குறைந்தால் முதல் வகை கூடவே சரியும். ஞாயிறு காலை விருந்தினர் கிளம்பியதும் எத்தனை குடில்களுக்கு விரிப்பு மாற்ற வேண்டும், அந்த வேலைக்குச் சுற்று வட்டாரத்தில் ஆள் கிடைக்கிறார்களா என்பதும் முக்கியம்.

வேலையாட்களை மாற்றலாமா?

இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தொழில் கைமாறும்போது வேலையாட்களைக் காக்கும் 2006 விதிகளின்படி அவர்கள் பழைய சம்பளம், பழைய பணிக்காலத்தோடு உங்களிடம் வருகிறார்கள். அவர்களின் விவரங்களை விற்பவர் குறைந்தது 28 நாள் முன்னதாகத் தர வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒருங்கிணைப்பாளரை இழந்தால் அந்த சீசனே ஆட்டம் காணும். எந்த மணமகளின் அம்மாவுக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அவர் தலையில்தான் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வாங்கினால் விசா கிடைக்குமா?

சொத்து வாங்குவதால் விசா கிடைக்காது. முதலீட்டாளர் விசாவும் 2022 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் LRS எனப்படும் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான பதிவேட்டில் உண்மையான உரிமையாளரைப் பதிவு செய்ய வேண்டும்.

எந்த மாதத்தில் பத்திரம் முடிப்பது நல்லது?

அக்டோபரில் முடித்தால் பழுது பார்க்கவும் ஆட்களோடு பழகவும் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் கோடை லாபம் விற்பவரிடம் போயிருக்கும், உங்களுக்கு ஆறு மாதம் எரிபொருள் செலவும் சம்பளமும்தான். மார்ச்சில் முடித்தால் ஜோடிகள் கட்டும் மீதித் தொகை விரைவிலேயே வரத் தொடங்கும், ஆனால் முதல் கல்யாணம் வருவதற்குள் எதையும் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. என்னைக் கேட்டால் அக்டோபர்தான். ஆறு மாதச் செலவைக் கடனுக்குள் அடக்காமல் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நிச்சயமான ஜோடிகள் இடம் பார்க்க வருவார்கள், அந்த வாரங்களில் மாளிகையின் கதவு திறந்திருக்க வேண்டும். விற்பவர் முதல் கோடை முடியும்வரை மாதத்துக்குச் சில நாள் வந்து உதவுவார் என்பதையும், அதற்கான கட்டணத்தையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.